சட்டசபைக் கேள்விகளும் நமது பொறுப்பும்

(சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வியைப் பற்றியும் தொழில் அபிவிருத்தியைப் பற்றியும் இனிமையாகப் பேச வல்ல அறிஞர்கள் இன்று நம்மிடையே வந்திருக்கிறார்கள். எனக்குக் காரியதரிசி அவர்கள் கொடுத்த விஷயமோ சற்று வறண்டது. சட்டசபை அங்கத்தினர்கள் சர்க்காரைக் கேள்வி கேட்கும் முறையை எடுத்துச் சொல்லுக என்றார்கள். மாலை போடுவதும் மனுக் கொடுப்பதும் நாம் அறிந்தவை. கேள்வி கேட்பது அங்கத்தினருடைய வேலையாயிற்றே, அதில் நமக்கு என்ன பாத்தியதை என்று சிலர் நினைக்கலாம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் நமது மண்டபத்தில் ஓர் அங்கத்தினருக்கு வரவேற்பு நடந்தது. வந்த மனுக்களை வாங்கி அடுக்கி வைக்கும் வேலை எனக்கு. மகனுக்கு உத்தியோக மாற்றல், மருமகளுக்குக் கலாசாலையில் இடம், மண்டபத்துக்குச் சுற்றுச்சுவர், கோவில் வாசலுக்கு மின்விளக்கு, இவ்வாறே கட்டுக் கட்டாக இருந்தன. எட்டு நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் வரும் வீதியிலிருந்து வந்தவர் ஒருவர். அவரும் மாற்றல் மனுவே கொடுத்தார். சட்டசபையில் எழுந்து கேட்கத்தக்கது ஒன்றேனும் அக்கட்டில் உண்டா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அங்கத்தினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் கொடுத்ததைத்தானே அவர் கொண்டு போவார்?

கேள்வி கேட்கும் உரிமை எளிதில் வந்ததன்று. இங்கிலாந்துப் பார்லிமெண்டில் முதன்முதல் கேட்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கும் கேள்வி 1721ஆம் வருஷம் பிரபுக்கள் சபையில் எழுந்தது. தென்கடல் கம்பெனியின் தலைமைக் காசாளர் தேசத்தை விட்டு ஓடிப்போனார் என்கிறார்களே, அது மெய்தானா என்று ஒரு பிரபு மந்திரியை வினவினார். முதற் கேள்வியே பணத்தைப் பற்றிய கேள்வியாயிருந்தது என்பதைக் கவனியுங்கள். நமது தேசத்திலோ 1892ஆம் வருஷத்துக் கவுன்சில் சட்டத்தினால்தான் சட்டசபை அங்கத்தினருக்குக் கேள்வி கேட்கவும், வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசவும் அதிகாரம் வந்தது. பேசலாம், வோட்டுச் செய்யக்கூடாது. கேட்கலாம், பதிலைக் கேட்டபின் மறுகேள்வி கேட்கக்கூடாது. இவ்வளவு சுருங்கிய அதிகாரம்!

அந்தச் சுருங்கிய அதிகாரத்தைக் கையாள நம் சேலத்திலிருந்து சென்றவர் ஸ்ரீமான் சி. விஜயராகவாச்சாரியார். 1882ஆம் வருஷத்துச் சேலம் கலவர வழக்கில் அவரைச் சிக்கவைத்துப் பத்து வருஷம் தண்டித்தார்கள், அப்பீலில் விடுதலையானார். அத்துடன் அடங்கி வீட்டிலிருந்தாரா? தம்மை முனிசிபல் ஸ்தானத்திலிருந்து நீக்கியது செல்லாது என்று சர்க்கார் மீதே வழக்குத் தொடுத்து ஜெயித்தார். 1895 முதல் 1901 வரை சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராயிருந்தார். பின்னர் 1920ஆம் வருஷம் நாகபுரிக் காங்கிரஸில் அக்கிராசனம் வகித்தவரும் அவரே. நமது ஜில்லாவில் அவர் பெயரை அறியாத பிள்ளைகள் இன்று மிகுதி. அவரிடம் கற்கவேண்டியது யாதெனில், அதிகாரம் கடுகளவு இருந்தாலும் அதைக் கையில் எடுப்பவனுக்கே அது பயன்படும் என்பதுதான்.

1909ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தில், கேள்வி கேட்டவர் மட்டும் துணைக்கேள்வி கேட்கலாம் என்று இடங்கொடுத்தார்கள். 1919ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின் எந்த அங்கத்தினரும் துணைக்கேள்வி போடலாம் என்றாயிற்று. இந்தச் சிறு மாறுதலின் பெருமை பார்வைக்குத் தெரியாது. முதற் கேள்விக்குப் பதிலை எழுதுகிறவர் இலாகா உத்தியோகஸ்தர். மந்திரி அதை வாசிக்கிறார். துணைக்கேள்விக்கோ மந்திரியே பதில் சொல்லவேண்டும். 1957ஆம் வருஷம் லோக்சபையில், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் முந்திரா என்னும் வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை வாங்கியதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. மழுப்பலான பதில் வந்தது. பிரதம மந்திரியின் மருமகனாகிய ஸ்ரீ பெரோஸ் காந்தியே விடாமல் பற்றினார். விசாரணை நடந்தது, 1958 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த நிதி மந்திரி ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரியார் ராஜிநாமாச் செய்தார். ஜனங்கள் கட்டிய பிரீமியப் பணம் எங்கே போயிற்று என்ற ஒரு கேள்வி அவ்வளவு தூரம் சென்றது.

இனி இன்றைய முறைக்கு வருவோம். சட்டசபை கூடும் நாட்களில் காலையில் முதற்காரியம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி வாயால் பதில் சொல்வார். துணைக்கேள்வியும் அதற்கே உண்டு. குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அவசர விஷயத்துக்குக் கவன ஈர்ப்பு என்று வேறொரு வழி இருக்கிறது. முன்னறிவிப்பு இன்றி எதுவும் நடவாது. லோக்சபையில் பதினைந்து நாள் முன்னதாகவேனும் கேள்வியைக் கொடுக்கவேண்டும். 150 வார்த்தைகளுக்கு மேல் போகலாகாது. வாதமும், ஊகமும், குத்தலும் இருந்தால் சபாநாயகர் தள்ளிவிடலாம். 2022 ஜனவரி முதல் நமது சட்டசபையின் கேள்வி நேரத்தை வீட்டிலிருந்தே பார்க்கும்படி நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கினார்கள். தாய்மார்கள் தொடர்கதை பார்க்கும் பெட்டியிலேயே இதையும் ஒருநாள் பார்க்கலாம், சுவாரஸ்யத்துக்குக் குறைவிராது.

ஆனால் சபையில் நடப்பது பாதிதான். மற்றப் பாதி நம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. ஒரு கேள்வி ஏற்கப்பட்டதும் அது கோட்டையிலிருந்து இலாகாத் தலைவருக்கும், அவரிடமிருந்து கலெக்டருக்கும், கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கோ, வட்டார வளர்ச்சி அதிகாரிக்கோ, நகராட்சிப் பொறியாளருக்கோ இறங்கி வருகிறது. பல மாதங்களாக அலமாரியில் தூசி படிந்து கிடந்த கட்டை அன்று ஒருவர் அவிழ்த்தே ஆகவேண்டும். உண்மையை எழுதியே ஆகவேண்டும். ஏனெனில் சபையில் தவறான தகவல் சொன்னால் மந்திரிக்கு அவமானம், எழுதிக் கொடுத்தவருக்கு ஆபத்து. கேள்விக்குச் சபையில் முறை வராமலே போனாலும், அக்கட்டு அவிழ்ந்தது அவிழ்ந்ததுதான்.

இதை நான் புஸ்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் பொறுக்கமாட்டாமல், நானும் இரண்டு நண்பர்களும் ஒரு துண்டுக் காகிதத்தில் கேள்வி எழுதி அங்கத்தினரிடம் சேர்ப்பித்தோம். “எங்கள் ஊரின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கச் சர்க்கார் முன்வருமா?” என்பதே அக்கேள்வி. அவரும் மறக்காமல் கேட்டார். “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்று பதில் வந்தது. ‘முன்வருமா’ என்று கேட்டால் ‘பரிசீலிக்கப்படும்’ என்றுதான் பதில் வரும். அவ்விரண்டும் மாமன் மச்சான்கள். எப்போதும் சேர்ந்தே வரும்!

அடுத்த வருஷம் வேறு விதமாக முயன்றோம். மேல்நிலைத் தொட்டி கட்டிய வருஷம், அதன் கொள்ளளவு, குழாய் இணைப்புகளின் எண்ணிக்கை, மோட்டார் பழுதான தேதி, புதிய மோட்டாருக்கு மதிப்பீடு தயாரித்து அனுப்பிய தேதி ஆகியவற்றை வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் நடந்து சேகரித்தோம். ஒரு மாதம் பிடித்தது. கேள்வியை இப்படி அமைத்தோம்: அந்த மதிப்பீடு இப்பொழுது எந்த அலுவலகத்தில் இருக்கிறது? எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? அதற்கு இவ்வருஷத்தில் தொகை ஒதுக்கப்பட்டதா? ஒதுக்கப்பட்டதானால் செலவானது எவ்வளவு?

இக்கேள்விக்குச் சபையில் முறை வரவேயில்லை. முறை வரும் முன்னரே ஒரு பொறியாளர் அளவு நாடாவுடன் ஊருக்குள் வந்துவிட்டார். மோட்டார் மாறியது, குழாயும் நீண்டது. எங்கள் வீதிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. நாங்களும் மிகுந்த பெருமை கொண்டோம். இக்கதையின் எஞ்சிய பகுதி எனக்குப் பெருமை தருவதன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அங்கத்தினரிடம் நம்மவர் முதலில் கேட்பது தொகுதி நிதியை. சட்டசபை அங்கத்தினருக்கு வருஷம் 3 கோடி ரூபாய் என்று சில வருஷங்களாக வைத்திருக்கிறார்கள். பார்லிமெண்டு அங்கத்தினர் நிதி 1993ஆம் வருஷக் கடைசியில் ஏற்பட்டது. முதலில் 5 லக்ஷம், பின் 1 கோடி, பின் 2 கோடி, 2011 முதல் 5 கோடி என்று வளர்ந்தது. கொரோனாக் காலத்தில் 2020 ஏப்ரலில் நிறுத்தி, 2021 நவம்பரில் மீட்டார்கள். அங்கத்தினர் சிபாரிசு செய்கிறார். வேலையை நடத்துவது ஜில்லா நிர்வாகம். இதைக் கேட்பது தவறன்று. ஆனால் ஒரு தொகுதியில் எத்தனை கிராமம், எத்தனை வீதி என்று எண்ணிப் பாருங்கள். 3 கோடி ரூபாய் அத்தனைக்கும் எம்மாத்திரம்? ரோடும், ஆஸ்பத்திரியும், பள்ளிக்கூடமும், குடிநீரும் நடப்பது இலாகாக்களின் மானியக் கோரிக்கைகளிலிருந்து. வருஷந்தோறும் ஒவ்வொரு மந்திரியும் தம் இலாகாவுக்கு இவ்வளவு தொகை வேண்டும் என்று சபையைக் கேட்கிறார். கொள்கைக் குறிப்பு ஒன்றை அச்சிட்டு மேஜைமேல் வைக்கிறார். தொகையைக் குறைக்கவேண்டும் என்று அங்கத்தினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். குறைப்பது நோக்கமன்று, குறையைச் சொல்ல அது ஒரு வாசல். நாமோ உண்டியலுக்கு முன் வரிசையில் நிற்கிறோம். கஜானா திறந்திருக்கும் நாளில் வீட்டில் இருக்கிறோம்.

சேலம், நாமக்கல், கரூர் ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். நாமக்கல் நகரத்தார் ரயில் ஏற வேற்றூருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் நம்மில் எல்லோருக்கும் நினைவிருக்கும். சுமார் 85 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1996-97ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் மஞ்சூராயிற்று. பயணிகள் வண்டி ஓடியது 2013ஆம் வருஷம் மே மாதத்தில்! மஞ்சூராயிற்று என்ற செய்திக்கு நாம் வெடி வெடித்தோம். மஞ்சூர் என்பது அனுமதி, பணமன்று. ஒவ்வொரு வேலைக்கும் மொத்த மதிப்பு எவ்வளவு, இதுவரை செலவானது எவ்வளவு, இவ்வருஷம் ஒதுக்கியது எவ்வளவு என்பதை ரயில்வேயார் வருஷந்தோறும் ஒரு புஸ்தகமாக வெளியிடுகிறார்கள். இளஞ்சிவப்புப் புஸ்தகம் என்பது அதன் பெயர். மீதித் தொகையை அந்த வருஷத்து ஒதுக்கீட்டால் வகுத்தால், இன்னும் எத்தனை வருஷம் பிடிக்கும் என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அந்த வகுத்தல் கணக்கைச் செய்து அங்கத்தினர் கையில் கொடுப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

வரவும் செலவும் ஒரே தராசின் இரு தட்டு என்பதை நம் ஜில்லாவே இராஜதானிக்குக் காட்டியது. 1937 அக்டோபர் முதல் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதல் சேலம் ஜில்லாவில் அமல் நடத்தியது. கள்ளுக்கடை வருமானம் நின்றது. அதை எதைக்கொண்டு ஈடு செய்வது என்பது அந்தச் சட்டசபையில் பெரிய விவகாரமாயிற்று. 1939ஆம் வருஷத்து விற்பனை வரிச் சட்டம் அதன் பயன். இன்றும் ஒரு நன்மையைக் கேட்கும் அங்கத்தினரை, ‘பணம் எங்கிருந்து?’ என்று மந்திரி திருப்பிக் கேட்பார். அதற்கும் பதில் கையில் இருக்கவேண்டும்.

நெசவுத் தொழிலில் அப்படி ஒரு பதில் ஒருகாலத்தில் கிடைத்தது. 1953ஆம் வருஷம், ஆலைத்துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை, அதாவது பழைய கணக்கில் கால் அணா, மேல்வரி போட்டு, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் வந்தது. வரவும் சொல்லி, செலவும் சொல்லிய ஏற்பாடு அது. 2023ஆம் வருஷம் விசைத்தறிக்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1000 ஆகவும், கைத்தறிக்கு 200இலிருந்து 300 ஆகவும் உயர்ந்தது. பள்ளிபாளையத்திலும், குமாரபாளையத்திலும், இராசிபுரத்திலும், இளம்பிள்ளையிலும் தறியை நம்பியிருப்போர் இதனால் நன்மை பெற்றார்கள். அதே காவேரிக்கரையில் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் பற்றிக் கேள்வி எழும்பினால் மட்டும் நம்மவர் சிலருக்கு முகம் சுருங்குகிறது. ‘நம் பிழைப்பில் கை வைக்கிறார்கள்’ என்கிறார்கள். கரையில் குடிநீர் எடுக்கிறவர்களும் நம் பிள்ளைகள்தாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தொகை கேட்கும் முதற் கேள்வி நம்மிடமிருந்து போயிருக்கவேண்டியது என்பது என் அபிப்பிராயம். இதில் மாறுபடுவோர் கூட்டம் முடிந்தபின் என்னை வையலாம்.

சேலம் ஜில்லாவில் 11, நாமக்கல் ஜில்லாவில் 6, ஆகப் பதினேழு சட்டசபைத் தொகுதிகள். இவற்றுள் நம் குலத்தவர் ஜெயித்த தொகுதி எது என்று விரல்விட்டு எண்ணுகிறோம். நம்மவரிடம் உரிமையோடும், மற்றவரிடம் தயக்கத்தோடும் போகிறோம். கேள்விக்குக் குலம் இல்லை. யார் கேட்டாலும் கட்டு அவிழும். எதிர்க்கட்சி அங்கத்தினர் கேட்டால் சில சமயம் சீக்கிரமாகவே அவிழும். ஆனால் கேள்விக்கு விலை பேசக்கூடாது. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காகப் பதினொரு அங்கத்தினரைப் பார்லிமெண்டிலிருந்து வெளியேற்றினார்கள். வாங்கியவர் பெயரை உலகம் தூற்றியது. கொடுக்கத் துணிகிற கை இருந்தால்தானே வாங்குகிற கை நீளும்?

அங்கத்தினரைக் காத்திருக்காமல் நாமே கேட்கும் இடமும் உண்டு. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடவேண்டும் என்று 2022இல் ஏற்பாடு செய்தார்கள். நமது இரண்டு ஜில்லாக்களிலும் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்த ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போயிற்று. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத அத்தகைய காலத்தில் கிராம சபையும் சட்டசபையும்தான் கேட்கும் வாய்கள். தகவல் உரிமைச் சட்டம் மற்றொன்று. 2005ஆம் வருஷத்து அச்சட்டத்தின் எட்டாம் பிரிவில் அழகான ஒரு வாசகம் இருந்தது: பார்லிமெண்டுக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதனுக்கும் மறுக்கலாகாது என்பது அதன் கருத்து. அங்கத்தினரும் நெசவாளியும் ஒரே படியில் நின்ற இடம் அது. 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் சொந்தத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அப்பிரிவைத் திருத்தியதில் அவ்வாசகம் எடுபட்டுப் போயிற்று. இதைப் பற்றி நமது சங்கம் ஒரு தீர்மானமும் செய்யவில்லை, சுற்றுச்சுவருக்குச் செய்தோம்.

எங்கள் ஊர்த் தண்ணீர்க் கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்லிவிடுகிறேன். இணைப்புகளை வீடு வீடாக எண்ணினோம் என்றேனல்லவா? நம்மவர் வீதிகளை எண்ணினோம். அதற்கு அப்பால், ஓடைக்கரையில், பரம்பரையாக நம் ஊருக்கு உழைத்த ஆதிதிராவிடக் குடும்பங்களின் இரண்டு வீதிகள் இருக்கின்றன. அவற்றை எண்ண எங்களுக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்று எவரும் சொல்லவுமில்லை; தோன்றவில்லை, அவ்வளவுதான். பொறியாளர் எங்கள் கணக்கைப் பார்த்தே குழாய் போட்டார். குழாய் எங்கள் கடைசி வீட்டோடு நின்றது. சர்க்கார் கட்டில் அந்த வேலை ‘முடிந்தது’ என்று எழுதப்பட்டது. முடிந்த வேலைக்கு மறுபடி பணம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அவ்வீதியிலிருந்து ஒரு மூதாட்டி வந்து, “சாமி, அந்தக் காகிதத்துல எங்க தெருவு இருக்குதுங்களா?” என்று கேட்டாள். சட்டசபையில் கேட்கப்பட்ட எந்தக் கேள்வியும் என்னை அவ்வளவு தடுமாறச் செய்ததில்லை.

ஆகையால் சங்கத்துக்கு ஒரு பிரேரணை கொண்டு வந்திருக்கிறேன். ஒவ்வொரு கிளைச் சங்கமும் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைக்கவேண்டும். ஊரின் பொது வேலைகளை, எல்லா வீதிகளையும் சேர்த்து, தேதியோடும் தொகையோடும் அதில் எழுதவேண்டும். சட்டசபை கூடுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகக் காரியதரிசி அவற்றைத் திரட்டி, பதினேழு அங்கத்தினருக்கும் கட்சி பாராமல் அனுப்பவேண்டும். ‘முன்வருமா’ என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இருக்கலாகாது. எங்கள் ஊர் நோட்டை நானே தொடங்கிக் கொண்டு வந்திருக்கிறேன். முதற்பக்கத்தில் ஓடைக்கரை வீதிகள் இரண்டும், வீட்டு எண்ணிக்கையும், எங்கள் கடைசிக் குழாயிலிருந்து அளந்த தூரமும் எழுதியிருக்கின்றன. அளக்கும்போது அவ்வீதி இளைஞர் இருவர் நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்கள். இதைக் காரியதரிசி அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.